முதல் வரி

கண்ணாடி மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்ட விஷயம் அவரைத் தவிர அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் வீட்டில் செய்தி ஓடினால் எதிர்வீட்டுக்காரர் தன் டிவியை அணைத்துவிட்டு இதையே கேட்டுக்கொள்வாராம். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் அவளே காது பரிசோதிக்கும் இடத்துக்கு போன் போட்டு நாள் வாங்கிவிட்டாள். தனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, இந்தக் காலத்தில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அதை அவர் கத்திச் சொன்னதுதான் வேடிக்கை.

ஒரு காலத்தில் ஊரையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வைத்தவர் அவர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் இருபத்திரண்டு வருஷம், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்தரை மணிக்கு அவர்தான். நிலையத்துக்குள் போனதென்னவோ பின்னணித் திரைக்கு வண்ணம் அடிக்கும் ஆளாக. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் அம்மாவுக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. நேரலை. வேறு ஆள் இல்லை. இயக்குநர் இவரைச் சட்டையில் வண்ணத்தோடு விளக்குக்கு முன்னால் தள்ளிவிட்டார். இவர் கைக்கு அகப்பட்டதை எடுத்தார். அட்டையில் வெட்டிய பெரிய மூக்குக்கண்ணாடி, ஏதோ நாடகத்தில் மிச்சமானது, கண்ணாடியே இல்லாத வெறும் சட்டம். அதைப் போட்டுக்கொண்டு கேமராவுக்குள் எட்டிப் பார்த்து, "அடடே, அங்க ஒரு பிள்ளை மூக்கு நோண்டிட்டு இருக்கே" என்றார். அந்த நொடியில் ஊர் முழுக்க நூறு பிள்ளைகள் மூக்கிலிருந்து விரலை எடுத்தன. கதை சொல்லும் அம்மாவுக்குத் தொண்டை சரியாகியும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

பிறகு சீட்டுகள் வர ஆரம்பித்தன. நிலையத்தின் வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். அம்மாக்கள் பிள்ளையின் செல்லப்பெயரையும் குற்றத்தையும் எழுதிப் போடுவார்கள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் பாத்துட்டேன்" என்று ஆரம்பித்து, பேரைச் சொல்லிக் கண்டிப்பார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வெலவெலத்துப் போகும். அடுத்த நாள் மடமடவென்று பால் குடிக்கும். இவர் இல்லையென்றால் ஊரில் பாதிப் பிள்ளைகள் பல்லே தேய்க்காது என்று இயக்குநர் பெருமையடிப்பார்.

எட்டு நிமிஷத்தில் நாற்பது சீட்டு. அதற்கென்று மாமா ஒரு வித்தை பழகியிருந்தார். சீட்டை விரிக்கும்போது கண்ணை ஓட்டி முதல் வரியை மட்டும் எடுப்பார். பேர் என்ன, என்ன செய்தது, அவ்வளவுதான். மிச்சத்தைத் தன் வாயிலிருந்தே போட்டு நிரப்புவார். முதல் வரியைப் பார்த்தால் போதும், கீழே இருப்பதெல்லாம் அம்மாக்களின் புலம்பல் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் வேறு எடுத்தார்.

நிலையம் பொம்மைப் படங்களை வாங்கிப் போட ஆரம்பித்ததும் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கும் பதினேழு வருஷம் ஆயிற்று. இன்னும் வங்கி வரிசையில் யாராவது வழுக்கைத் தலையர் ஓடிவந்து, "மாமா, அப்ப என்னை நிஜமாவே பாத்தீங்களா?" என்று கேட்பார். பார்த்தேனே என்பார் இவர். சொல்லிச் சொல்லி அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

காது பரிசோதிக்கும் பெண்ணுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. மாமாவின் மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவரை ஓர் அலமாரி அளவுள்ள அறைக்குள் உட்கார வைத்தாள். சுவரெல்லாம் பஞ்சு. கனமான கதவு. எதிரே ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், அதற்கு அந்தப் பக்கம் அவளும் அவள் கருவியும். தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னாள். மாமா கேட்டதற்கும் அழுத்தினார், கேட்காததற்கும் அழுத்தினார். தோற்கப் பிடிக்காது அவருக்கு.

அடுத்தது பேச்சுச் சோதனை. அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டாள்.

கல் என்றாள். பல் என்றார். மாடு என்றாள். வீடு என்றார். மழை, பூனை இரண்டும் சரியாக வந்தன. பிறகு முழு வாக்கியங்கள். நாளைக்கு லீவு. கதவை மெதுவா சாத்து. ஒவ்வொன்றையும் மாமா பழைய குரலில், ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொன்னார். மைக் மாதிரி ஏதாவது ஒன்று எதிரே இருந்துவிட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

அவள் வாக்கியப் பட்டியலை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு காதுக்குள் அவள் குரல் வந்தது.

"வீட்டுல நடக்குறத வெளியில சொல்ற பிள்ளைய யாருக்கும் பிடிக்காது."

"வீட்டுல நடக்குறத வெளியில சொல்ற பிள்ளைய யாருக்கும் பிடிக்காது" என்றார் மாமா. ஓர் எழுத்து பிசகவில்லை. விரலைக்கூட ஆட்டினார்.

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் வாக்கியம் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. சன்னல் வழியாகப் பார்த்தார். அவள் அட்டையை இறக்கியிருந்தாள்.

"நான் குருவி" என்றாள் ஹெட்போனுக்குள். "ஞாபகம் இருக்காது உங்களுக்கு."

ஞாபகம் இல்லை. நாற்பது சீட்டு, வாரத்தில் ஐந்து நாள், இருபத்திரண்டு வருஷம். குருவிகளே ஐம்பது இருந்திருக்கும். இல்லை என்று தலையாட்டினார். அதை அவள் எதிர்பார்த்தவள் போல மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். எழுந்து வெளியே வர மாமாவுக்குத் தோன்றவில்லை. அந்தப் பஞ்சு அறையில், எந்தச் சத்தமும் குறுக்கிடாமல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

அவளுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா அண்ணனை அடித்ததில் அவனுக்கு ஒரு காது போய்விட்டது. அண்ணன் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று டீச்சர் கேட்டபோது அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து பேசுவதாக டீச்சர் சொன்னார். வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குருவி, நான் பாத்துட்டேன் என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் போய் வீட்டு விஷயத்தைச் சொல்வாயா என்று கேட்டார். அந்த வாக்கியத்தைச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வாரம் அம்மா சமையல் மேடையில் ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்ததைக் குருவி பார்த்திருந்தாள். திங்கட்கிழமை டீச்சரிடம், நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப அண்ணனுக்கு ஒரு காதுதான் போயிருந்துச்சு" என்றாள். "அடுத்த வருஷம் இன்னொண்ணும் போயிடுச்சு."

மாமாவின் கையிலிருந்த பொத்தான் நழுவி, அதன் வயரில் தொங்கியது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று. அம்மாவுடன் அவள் பிறகு சரியாகப் பேசவே இல்லை. வேலை கிடைத்ததும் வீட்டை விட்டு வந்துவிட்டாள். ஒரு தரம் அம்மா தேடிவந்து, அந்தச் சீட்டு என்று ஆரம்பித்தாள். அதைப் பற்றிப் பேசுவதானால் எழுந்து போய்விடுங்கள் என்று இவள் வாயை அடைத்துவிட்டாள். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். சொந்தக்காரர்களுக்கு நடுவில் இவள் யாரோ மாதிரி ஓரமாக நின்றுவிட்டு வந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அம்மா அதைத் தானா எழுதினாங்களா, இல்ல அப்பா மிரட்டி எழுத வச்சாரா? சீட்டைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். அப்பா நின்னு எழுத வச்சா அம்மா கையெழுத்து கோணலா வரும்."

மாமா வாயைத் திறந்தார். அந்த அம்மா மிரட்டப்பட்டுத்தான் எழுதியிருப்பாள் என்று சொல்ல வந்தார். யார் எழுதினால் என்ன, நான் வாசித்தது வந்ததைத்தானே என்றும் உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. இரண்டையும் விழுங்கிவிட்டு, சீட்டுகளெல்லாம் வீட்டில் இருக்கின்றன என்றார். அப்படியானால் அடுத்த வாரம் காது மிஷின் பொருத்த வரும்போது எடுத்து வாருங்கள் என்றாள் அவள்.

சீட்டுகளை அவர் தூக்கிப்போடாததற்குப் பெரிய காரணம் கிடையாது. பிள்ளைகளின் பேர் எழுதிய காகிதத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். பிஸ்கட் டின்களில் அடைத்து, வருஷம் எழுதி, பரணில் ஏற்றியிருந்தார். கரப்பானுக்குக் கல்யாண மண்டபம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று மனைவி வருஷா வருஷம் சொல்வாள். இப்போது அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். காரில் வரும்போதே அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

குருவிக்கு எட்டு வயதான வருஷத்து டின்கள் மட்டும் ஆறு. முதல் நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். பிரஷ்ஷை மட்டும் நனைத்துவிட்டுப் பல் தேய்த்தேன் என்கிறாள். தங்கச்சி பொம்மைக்கு மொட்டை அடித்துவிட்டு முடி தானாக வளரும் என்கிறான். அதையெல்லாம் மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

இரண்டாம் நாள் அப்படி இல்லை. இந்த முறை அவர் சீட்டுகளைக் கடைசி வரை வாசித்தார். தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறான், எல்லாருக்கும் தெரியும்படி சொல்லுங்கள், அப்போதுதான் புத்தி வரும். அவர் சொல்லியிருந்தார், வலது மூலையில் அதற்கான டிக் அடையாளம் இருந்தது. பெரியப்பா வந்தால் அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள், மரியாதை கற்றுக்கொடுங்கள். அதற்கும் டிக். ஏன் வெளியே வரவில்லை என்று ஒரு தரமாவது யோசித்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். யோசிக்க எங்கே நேரம், பன்னிரண்டு நொடிதானே. அந்தப் பதில் இத்தனை வருஷம் போதுமானதாக இருந்தது. பரணுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தபோது போதவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குருவியின் சீட்டு கிடைத்தது. கோடு போட்ட நோட்டுத்தாள், பாதியாக மடித்தது. மேல் பாதியில் ஒரே வரி.

"குருவி என்று நாங்கள் கூப்பிடும் என் மகள் வீட்டில் நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்."

மடிப்புக்குக் கீழே மிச்சம் இருந்தது.

"அவள் சொன்னது பொய் இல்லை. பயந்து போயிருக்கிறாள். அவளைத் தைரியப்படுத்த வேண்டும், என் வாயால் முடியாது, அவர் வீட்டிலேயே இருக்கிறார். நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள். குருவி, நீ செஞ்சது சரி என்று மட்டும் சொல்லுங்கள். எதற்கென்று சொல்ல வேண்டாம். அவளுக்குப் புரியும், அவருக்குப் புரியாது."

எழுத்து கோணவில்லை. ஒவ்வொன்றும் நிறுத்தி, நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல எழுதப்பட்டிருந்தது.

மாமா தாளை மறுபடி மேலிருந்து வாசித்தார். யாரோ எழுதினார்கள், வாசித்தேன் என்று கை கழுவுவதற்கு இனி இடமில்லை. யாரும் அப்படி எழுதவில்லை. அந்த வார்த்தையை அவரே உண்டாக்கி, அவரே சொல்லியிருந்தார். அந்தத் தாய் வேறு யாரையும் நம்ப முடியாமல் இவரை நம்பியிருக்கிறாள், இவர் அவளுடைய சீட்டை மடிப்பு வரைதான் வாசித்திருக்கிறார்.

மனைவி வாசித்துவிட்டுத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "கிடைக்கலன்னு சொல்லிடுங்க" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாய் உயிரோடு இருந்தாலாவது மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். இப்போது இதைக் கொடுத்தால் என்ன செய்வாள் அவள்? இருபத்தெட்டு வருஷம் தப்பான ஆளை வெறுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? அப்பா மிரட்டித்தான் எழுத வைத்தார் என்று ஒரு பொய் சொன்னால்கூட அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவாள். மனைவி இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னாள். மாமாவும் அந்தப் பெண்ணுக்காகத்தான் யோசிப்பதாக முதலில் நினைத்தார்.

ஆனால் மத்தியானம் அவர் அந்தத் தாளை மேஜையில் வைத்துக்கொண்டு மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரான மடிப்பு. அந்த இடத்தில் கத்தரித்தால் மேல் பாதி தனிச் சீட்டாகிவிடும். பேர், குற்றம், அவ்வளவுதான், மற்ற எல்லாச் சீட்டுகளையும் போல. தாய் புகார் எழுதினாள், மாமா கண்டித்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்க முடியாது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில், பேனாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதை அவர் எடுத்தும் விட்டார். தாளின் ஓரத்தில் வைத்தும் விட்டார். அப்போதுதான் தான் யாருக்காக யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. கத்தரிக்கோலை அடுப்படியில் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

அடுத்த வாரம் போனபோது மேஜையில் மிஷின் தயாராக இருந்தது. மாமா உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தார். மன்னிப்பு, நேரலை, பன்னிரண்டு நொடி எல்லாம் அதில் இருந்தன. அவள் தாளைத் தொட்டபோது அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"நான் முதல் வரியை மட்டும்தான் படிச்சேன்" என்றார். "கீழ இருக்குறத இந்த வாரந்தான் படிச்சேன்."

அவள் மேல் பாதியைப் படித்தாள். எழுத்தைப் பார்த்தாள். "தானாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள் மெதுவாக. அவள் முகம் இறுகியது. பிறகு தாளை விரித்தாள்.

கீழே ஐந்தாறு வரிதான். அதைப் படிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது. ஒரு விரலை வரிக்கு அடியில் வைத்து, முடித்ததும் மறுபடி மேலே போனாள். வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டு, பதில் இல்லாததால் போய்விட்டார்கள். மாமாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் பார்த்தேன், பார்த்தேன் என்று சொன்ன மனிதர், எதிரே இருந்த ஒரே ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அந்தத் தாய் கேட்டதையாவது இப்போது கொடுத்துவிடலாம் என்று தோன்றிற்று.

"குருவி" என்றார். "நீ செஞ்சது—"

"வேணாம் மாமா." அவள் கையைத் தூக்கினாள். கோபமாகச் சொல்லவில்லை. "அது எட்டு வயசுப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை இப்ப இங்க இல்ல."

அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் தாளைத் திரும்ப மடிக்கவில்லை. அந்தக் கடைசி வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், காற்றில் பறந்துவிடும் என்பது போல. அந்த அறையில் காற்றே கிடையாது. அப்புறம் அவள் தோள்கள் குலுங்கின.

"பயந்து பயந்து எழுதியிருக்காங்க. அவ்வளவு தூரம் நடந்து வந்து பெட்டியில போட்டிருக்காங்க. நீங்க செஞ்சது சரிம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல அவங்களுக்கும் யாரும் இல்ல. நான்தான் சொல்லியிருக்கணும்."

மாமா ஏதோ சொல்ல எழுந்தார். அவள் தலையை ஆட்டினாள். மிஷினை இன்னொருவர் வந்து பொருத்திவிடுவார், நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றாள். அந்த நேரத்திலும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

வெளியே மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். திட்டினாளா என்று அவர் காதருகே குனிந்து கேட்டாள். இல்லை என்றார் மாமா. மூடிய கதவைப் பார்த்தபடி, அதற்குப் பின்னால் ஏதாவது கேட்கிறதா என்று அவளையே கேட்டார். மனைவி கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"அழறா" என்றாள். "அம்மான்னு கூப்பிடுறா."